பருத்தி ராஜா பிரேம்சந்து ராய்சந்து

ஆலமரத்தடியில் எழுந்து, வாய்தா நாளில் சரிந்த கோடீசுவரரின் கதை

திருவாலங்காடு என்ற பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?

ஆல மரங்கள் நிறைந்த காடு. அதுதான் பொருள். அங்கே கோவில் கொண்டுள்ள சிவபெருமானுக்கு வடாரண்யேசுவரர் என்று பெயர். வடம் என்றால் ஆலமரம். ஆரண்யம் என்றால் காடு. நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இதுதான்.

அந்த ஊர் வழியாக ரெயில் பாதை ஒன்று போகிறது. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தென் இந்தியாவின் முதல் ரெயில் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு, அந்த வழியாகத்தான் ஓடியது. பிறகு அந்தப் பாதை அரக்கோணத்தில் இருந்து நீண்டு, பம்பாய் வரை போய்ச் சேர்ந்தது.

பாதையின் அந்தக் கோடியில், பம்பாயிலும் சில ஆலமரங்கள் இருந்தன. டவுன் ஹாலுக்கு எதிரே அவை நின்றன. 1850-ம் ஆண்டு வாக்கில், அந்த மரத்தடியில் தினமும் சிலர் கூடுவார்கள். கட்டிடம் கிடையாது. நாற்காலி கிடையாது. நின்றபடியே பங்குகளை வாங்குவார்கள், விற்பார்கள்.

இந்தியாவின் பங்குச் சந்தை அந்த மர நிழலில்தான் பிறந்தது.

அங்கே நின்ற இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் பம்பாயையே ஆட்டிப் படைத்தார். அவர் பெயர் பிரேம்சந்து ராய்சந்து. மக்கள் அவரைப் பருத்தி ராஜா என்று அழைத்தார்கள்.

சூரத்துச் சிறுவன்

பிரேம்சந்து 1831-ம் ஆண்டு குசராத்தில் உள்ள சூரத் நகரில் பிறந்தார். ஜைன சமயக் குடும்பம். தந்தை பெயர் ராய்சந்து தீப்சந்து. தாயார் பெயர் ராஜாபாய்.

தந்தை பெரிய பணக்காரர் அல்ல. பிழைப்பைத் தேடி, குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்தவர்.

பையன் பள்ளிக்கூடம் போனான். இங்கிலீஷ் கற்றான். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பேசவும், படிக்கவும், எழுதவும் தெரிந்த இந்தியத் தரகர்களைக் காண்பது அரிது. வெள்ளைக்கார வியாபாரிகளோடு நேருக்கு நேர் பேச, அந்தப் படிப்பு உதவியது.

1849-ம் ஆண்டு பிரேம்சந்து தரகுத் தொழிலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

அவருக்கு அபாரமான நினைவாற்றல் இருந்ததாகச் சொல்வார்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், யாருக்கு என்ன விலைக்கு விற்றோம் என்பதை எல்லாம் மனதிலேயே வைத்திருப்பாராம். கணக்கு எழுதக் காகிதமும் பேனாவும் தேடமாட்டாராம்.

பத்து ஆண்டுகளில் அவர் தரகர்களின் தலைவர் போல ஆகிவிட்டார்.

வாய்தா வியாபாரம்

பிரேம்சந்து வளர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வாய்தா வியாபாரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கோர்ட்டில் வாய்தா கொடுத்தார்கள் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? வாய்தா என்றால் தவணை நாள். குசராத்தி மொழியிலும் ஏறக்குறைய இதே சொல் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம்.

திருவாலங்காட்டில் ஒரு விவசாயி நிலக்கடலை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது தை மாதம். சித்திரையில் 100 மூட்டை தருகிறேன், மூட்டை 3 ஆயிரம் ரூபாய் என்று ஒரு வியாபாரியிடம் பேசி முடிக்கிறார். இப்போது பணமும் கை மாறவில்லை; கடலையும் கை மாறவில்லை. பேச்சு மட்டும்தான்.

சித்திரையில் விலை 3 ஆயிரத்து 300 ஆகிவிட்டால், வாங்க ஒப்புக்கொண்ட வியாபாரிக்கு 30 ஆயிரம் ரூபாய் லாபம். விலை 2 ஆயிரத்து 700 ஆக இறங்கிவிட்டால், அவருக்கு 30 ஆயிரம் நஷ்டம்.

விவசாயிக்கு இது ஒரு பாதுகாப்பு. விளைச்சலுக்கு முன்பே விலை தெரிந்துவிடுகிறது. ஆனால் கடலையைக் கண்ணால் பார்க்காத மூன்றாவது ஆள், விலை வித்தியாசத்துக்காக மட்டும் இதில் நுழையலாம். அப்போது அது ஊக வணிகம் ஆகிவிடுகிறது.

பருத்தியிலும் அபினியிலும் இந்த வாய்தா முறை பழக்கத்தில் இருந்தது. பிரேம்சந்து அதை நன்றாகக் கற்றிருந்தார்.

அமெரிக்காவில் சண்டை, பம்பாயில் பண மழை

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதின.

அப்போது இங்கிலாந்தின் நூல் ஆலைகள் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பருத்தியை நம்பியே ஓடின. வட மாநிலங்களின் கடற்படை, தென் பகுதித் துறைமுகங்களை முற்றுகை இட்டது. பருத்திக் கப்பல்கள் நின்று போயின. லங்காஷயர் ஆலைகள் தவித்தன.

பருத்திக்கு எங்கே போவது? எல்லோருடைய கண்ணும் இந்தியாவின் மேல் விழுந்தது.

பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து பருத்தி மலை மலையாக ஏறியது. நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிராக்கி ஏற்பட்டது. விலை பல மடங்கு உயர்ந்தது.

பருத்தியின் விலையை முடிவு செய்த இடம் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரம். அந்த விலைச் செய்தி கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் கரைக்கு வந்து, தபால் இறங்கி, கடிதம் கைக்குக் கிடைக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

பிரேம்சந்து காத்திருக்கவில்லை. நடுக்கடலுக்கே படகுகளை அனுப்பினார் என்று சொல்வார்கள். அவருடைய ஆட்கள் கப்பலை வழியிலேயே சந்தித்து, விலைச் செய்தியை வாங்கி வருவார்களாம். மற்றவர்களுக்குச் செய்தி தெரிவதற்குள், அவர் வாங்க வேண்டியதை வாங்கிவிடுவார்; விற்க வேண்டியதை விற்றுவிடுவார்.

செய்தியை முதலில் அறிவது, கைப்பணம் சிறிதாக இருந்தாலும் வாய்தா பேசுவது, நாள் வந்ததும் கணக்கைத் தீர்ப்பது. இதுதான் அவருடைய முறை. பருத்தியில் அது பலித்தது. ஏனென்றால் அங்கே பொதி இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஆலை இருந்தது.

பழைய முறை, புதிய சந்தை

பம்பாயில் பணம் குவிந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மக்கள் திண்டாடினார்கள்.

புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. 1865-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பம்பாயில் 31 பாங்கிகள் இருந்தன. கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் கம்பெனிகளும் தோன்றின. அவற்றில் புகழ் பெற்றது பேக் பே கம்பெனி. அதன் பங்கு ஒன்றின் முக விலை 5 ஆயிரம் ரூபாய். அது 50 ஆயிரத்தையும் தொட்டது!

பிரேம்சந்து, பருத்தியில் பழகிய வாய்தா முறையை இந்தப் பங்குகளுக்கும் கொண்டு வந்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

எந்தக் கம்பெனிக்கும் அவர் ஆதரவு தேவைப்பட்டது. புதிய பங்குகளில் ஒரு சிலவாவது கிடைக்காதா என்று, பெரிய மனிதர்களும் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். பம்பாய் பாங்கியிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவர் கை காட்டியவர்களுக்குக் கடன் கிடைத்தது.

இங்கேதான் தவறு நேர்ந்தது.

பருத்திப் பொதியின் விலை இறங்கினாலும், அதில் நூல் நூற்கலாம். இன்னும் கடலுக்கு அடியில் கிடக்கும் நிலத்தை நம்பி அச்சடித்த பங்கு அப்படியா? அதன் விலை மக்களின் ஆசையால் ஏறியது. ஆசை போனால் விலையும் போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. பங்கை ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனில் மேலும் பங்கு வாங்கினார்கள். விலை இறங்கினால், சொத்தும் குறையும், ஈடும் குறையும். ஒரே அடியில் இரண்டும் விழும்.

சந்தையின் வேகம் கூடிவிட்டது. ஆனால் பிரேம்சந்து தன் பளுவைக் குறைக்கவில்லை. மேலும் ஏற்றினார்.

1865 ஜூலை 1

1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி, அமெரிக்காவில் தென் மாநிலப் படைத் தலைவர் லீ சரண் அடைந்தார். போர் முடிவுக்கு வந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் வரப்போகிறது என்று தெரிந்ததும், விலை மடமடவென்று சரிந்தது.

பங்கு பேரங்கள் பலவற்றுக்கு வாய்தா நாள் ஜூலை 1-ந்தேதி. முதல் ரெயில் திருவாலங்காட்டைக் கடந்து சரியாக 9 ஆண்டுகள் ஆன நாள் அது.

வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர்களிடம் பணம் இல்லை. ஒருவர் கொடுத்தால்தான் அடுத்தவர் கொடுக்க முடியும். முதல் ஆள் கையை விரித்ததும், சீட்டுக்கட்டு வீடு போல எல்லாம் சரிந்தது.

2 ஆயிரத்து 850 ரூபாய் வரை போன பம்பாய் பாங்கியின் பங்கு, 87 ரூபாய்க்கு வந்தது. பெரிய பெரிய வியாபாரிகள் திவால் ஆனார்கள். பங்கில் பணம் போட்ட சாதாரணக் குடும்பங்களும் தெருவுக்கு வந்தன.

பம்பாய் பாங்கி 1868-ம் ஆண்டு மூடப்பட்டது. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. போதிய ஈடு இல்லாமல் கடன் கொடுத்ததே பாங்கியின் அழிவுக்குக் காரணம் என்று தெரிந்தது. அதில் பிரேம்சந்தின் பங்கும் வெளிவந்தது. அது அவர் பெயருக்கு ஏற்பட்ட பெரிய கறை.

அதே பெயரில் புதிய பாங்கி உடனே தொடங்கப்பட்டது. அது 1921-ல் வேறு இரண்டு பாங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பாங்கி ஆயிற்று. 1955-ல் அதுவே ஸ்டேட் பாங்கி ஆயிற்று.

வாக்கும் வணிகமும்

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. நீலி கதை நடந்ததாகச் சொல்லும் ஊர் அதுதான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று ஒரு வணிகனுக்கு 70 வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். வணிகன் இறந்ததும், சொன்ன சொல்லுக்காக அத்தனை பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

வாய்தா வியாபாரமும் வாக்கில்தான் நிற்கிறது. ஆனால் சொத்துக்கு மீறிக் கொடுத்த வாக்கை யாரால் காப்பாற்ற முடியும்?

பிரேம்சந்தின் சொத்துக்கள் கடன்காரர்களின் கைக்குப் போயின. ஆனாலும் அவர் ஊரை விட்டு ஓடவில்லை. அதே பம்பாயில், அதே தரகுத் தொழிலை மறுபடியும் செய்தார். ஆடம்பரம் இல்லாமல் வாழ்ந்தார்.

ஆலமரத்தடித் தரகர்களும் பாடம் கற்றார்கள். 1875-ம் ஆண்டு முறைப்படி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே இன்றைய மும்பை பங்குச் சந்தை.

1906-ம் ஆண்டு பிரேம்சந்து காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

இன்றைய பருத்தி, கச்சா எண்ணெய்

பிரேம்சந்து காலத்துப் பருத்தியைப் போல, இன்று உலகை ஆட்டி வைப்பது கச்சா எண்ணெய். எங்கோ ஒரு நாட்டில் சண்டை என்றால் இங்கே விலை துள்ளுகிறது.

நியூயார்க் சந்தையில் 1983-ம் ஆண்டு கச்சா எண்ணெய் வாய்தா வியாபாரம் தொடங்கியது. இதை இப்போது முன்பேர வணிகம் என்கிறார்கள். இந்தியாவில் எம்.சி.எக்ஸ். என்னும் சந்தையில் 2005-ம் ஆண்டு வந்தது. கையில் செல்போன் இருந்தால் போதும். திருவாலங்காட்டில் உட்கார்ந்தபடியே இதில் இறங்கலாம்.

இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பங்குச் சந்தையில் பழகிய முறையையே கையோடு கொண்டு வருகிறார்கள்.

அப்படிப் பழைய முறை ஒன்று உண்டு. காலையில் சந்தை திறந்ததும், முதல் அரை மணி நேரத்து உச்ச விலையையும் குறைந்த விலையையும் குறித்துக்கொள்வார்கள். விலை உச்சத்தைத் தாண்டினால் வாங்குவார்கள். அடியைத் தாண்டி இறங்கினால் விற்பார்கள். அன்று மாலைக்குள் கணக்கை முடித்துவிடுவார்கள்.

இதை அப்படியே கச்சா எண்ணெய்க்குப் போட்டால் என்ன ஆகும்?

நம் ஊரில் காலை 9 மணிக்குச் சந்தை திறக்கும்போது அமெரிக்காவில் இரவு. பெரிய வியாபாரிகள் தூங்குகிறார்கள். உண்மையான ஆட்டம் நமக்கு மாலையில்தான் தொடங்கும். அமெரிக்க எண்ணெய்க் கையிருப்புக் கணக்கு, வழக்கமாகப் புதன்கிழமை இரவு 8 மணிக்கோ 9 மணிக்கோ வெளிவரும். அந்த நிமிடத்தில் விலை குதிரை போலப் பாயும். காலை அரை மணி நேரத்துக் கோடு அதற்கு ஈடு கொடுக்காது.

ஆகையால் முதலில் கோட்டை மாலைக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது அளவு. எம்.சி.எக்ஸ். சந்தையில் ஒரு பெரிய ஒப்பந்தம் 100 பீப்பாய். ஒரு பீப்பாய் ஏறக்குறைய 159 லிட்டர். பீப்பாய்க்கு 50 ரூபாய் இறங்கினால், 5 ஆயிரம் ரூபாய் போய்விடும். 10 பீப்பாய் கொண்ட சிறிய ஒப்பந்தமும் உண்டு. அதில் அதே இறக்கத்துக்கு 500 ரூபாய்தான் நஷ்டம்.

விலை இரண்டு மடங்கு துள்ளும் சந்தையில், வாங்கும் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு நஷ்டம் தாங்கும் என்பதை, இறங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வாய்தா நாளுக்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும்? 2020-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி அது நடந்தது.

கொரோனா ஊரடங்கால் உலகமே முடங்கிய நேரம். எண்ணெய்க்குக் கிராக்கி இல்லை. அமெரிக்காவில் சேமிப்புத் தொட்டிகள் நிரம்பி வந்தன. எம்.சி.எக்ஸ். சந்தை அப்போது மாலை 5 மணிக்கே மூடியது. ஏப்ரல் வாய்தாவின் கடைசி விலை பீப்பாய்க்கு 965 ரூபாய்.

இவ்வளவு மலிவா என்று சிலர் வாங்கி வைத்தார்கள்.

அன்று நள்ளிரவு, நியூயார்க்கில் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. ஒரு பீப்பாய் எண்ணெயை எடுத்துக்கொள்ள 37 டாலர் 63 சென்ட் தருகிறோம் என்ற நிலை! நம் கணக்கில் அது பூச்சியத்துக்குக் கீழே 2 ஆயிரத்து 884 ரூபாய். அந்த விலைக்கே இங்கும் கணக்கு தீர்க்கப்பட்டது.

965 ரூபாய் விலையில் ஒரு பெரிய ஒப்பந்தம் வாங்கியவருக்கு, 96 ஆயிரத்து 500 ரூபாய்ச் சரக்கில், 3 லட்சத்து 84 ஆயிரத்து 900 ரூபாய் நஷ்டம். சந்தை மூடியிருந்ததால் விற்று ஓடவும் வழி இல்லை.

பங்குகளின் முன்பேர வணிகத்திலும் நிலைமை இதுதான். 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதி ஆண்டுகளில், அதில் ஈடுபட்ட தனி நபர்களில் 100-க்கு 93 பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபி அமைப்பு 2024-ல் கணக்குச் சொன்னது. மொத்த நஷ்டம் ஒரு லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

பிரேம்சந்துக்கு இருந்த அறிவும், செய்தி வசதியும், நினைவாற்றலும் அந்த நாளில் யாருக்கும் இல்லை. அவரையே வாய்தா நாள் கவிழ்த்தது என்றால், வீட்டுச் செலவுப் பணத்தோடு இறங்குகிறவரின் கதி என்ன?

அழியாத கணக்கு

பிரேம்சந்து சேர்த்த செல்வத்தில் பெரும் பகுதி போய்விட்டது. ஆனால் அவர் கொடுத்தது போகவில்லை.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூல் நிலையம் கட்ட 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மணிக்கூண்டு கட்ட இன்னும் 2 லட்சம் கொடுத்தார். அந்த மணிக்கூண்டுக்குத் தாயாரின் பெயரை வைத்தார். 280 அடி உயரம் உள்ள ராஜாபாய் கோபுரம் 1878-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது.

ராஜாபாய் அம்மையாருக்குக் கண் தெரியாதாம். ஜைன வழக்கப்படி, பொழுது சாயும் முன் உணவை முடிக்க வேண்டும். மணி ஓசையைக் கேட்டு அவர் நேரம் தெரிந்துகொள்ளட்டும் என்று மகன் நினைத்ததாகச் சொல்வார்கள்.

கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் அவர் 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதில் இருந்து பிரேம்சந்து ராய்சந்து உதவித்தொகை ஏற்பட்டது. அதைப் பெற்றவர்களில் ஒருவர் அசுதோஷ் முகர்ஜி. அவர்தான் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணை வேந்தராகி, நம் சி.வி.ராமனைப் பேராசிரியராக வரும்படி அழைத்தவர். ராமன் 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

சூரத்து வியாபாரியின் பணம், வங்காளத்து மாணவருக்குப் படிப்பாகி, தமிழ்நாட்டு விஞ்ஞானிக்கு வழி திறந்தது!

மும்பைக்குப் போகிறவர்கள் இன்றும் ராஜாபாய் கோபுரத்தைப் பார்க்கலாம். அதைக் கட்டிய பணம், வாய்தா நாளுக்கு முன்பே சந்தையில் இருந்து வெளியே எடுத்து வைத்த பணம். அதனால்தான் அது தப்பியது.